டூபாவுக்குப் பின்னால் லியனார்ட் அங்கிள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி காலையில், மலேசியாவில் கிள்ளான் நகரத்து எங்கள் வரிசை வீடுகளின் பாதிக் கூட்டம் மகதலேனா ஆன்டியின் வரவேற்பறையில் இருக்கும். அந்தக் காலத்தில் பெரிய தொலைக்காட்சி அவர் வீட்டில்தான் இருந்தது. தேசிய தின அணிவகுப்பில் இராணுவ இசைக்குழு வந்து போகும்வரை யாருக்கும் அங்கே ஒரு வாய் தேநீர் கிடைக்காது. குழு திரையில் தெரிந்ததும் ஆன்டி எழுந்து போய்க் கண்ணாடியில் விரலை வைப்பார்.

"இதோ, இந்தப் பித்தளைக்குப் பின்னால. இதான் உங்க அங்கிள்."

நாங்கள் உற்றுப் பார்ப்போம். வானத்தைப் பார்த்து வாயைத் திறந்திருக்கும் டூபா என்ற பெரிய ஊதுகருவி தெரியும். அதற்குக் கீழே பளபளக்கும் இரண்டு காலணிகள் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் குழாய் வளைவுகள்தான். அடுத்த நொடி கேமரா பள்ளிப் பிள்ளைகளிடமோ மேடையிடமோ போய்விடும்.

எதிர்வீட்டுப் புஷ்பவல்லி ஆன்டி ஆண்டு தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார். "ஊதறாரா, இல்ல சும்மா தூக்கிட்டு நடக்கிறாரா?"

எல்லாரும் சிரிப்போம். மகதலேனா ஆன்டியும் சிரிப்பார். ஆனால் சிரித்துக்கொண்டே காதைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அவ்வளவு வாத்தியங்களில் தன் கணவனுடையது எது என்று அவருக்குப் பிடிபட்டதே இல்லை. விடுப்பில் வரும்போது கேட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாச் சத்தத்துக்கும் அடியில் இருக்கும் என்று லியனார்ட் அங்கிள் சொல்வாராம். அதை ஒரு பதிலாகவே ஆன்டி எடுத்துக்கொண்டதில்லை.

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அம்மாவின் வீட்டுக்குத் திரும்பிய அதே மாதம்தான் பக்கத்து வீட்டு லியனார்ட் அங்கிளும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தார். காலையில் இரண்டு பேரும் அவரவர் கேட்டருகே, வேலை எதுவும் இல்லாதவர்களாக நிற்போம். சொந்த வீட்டில் கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. அதனால் சீக்கிரமே கூட்டாளிகள் ஆனோம். அவர் கதைகள் எனக்குக் கிடைத்தது அந்தக் கேட்டருகேதான்.

காப்பார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா பழக்குலை ஏற்றும் லோரியில் வேலை செய்தார். பையன் ஆறடிக்கு மேல் வளர்ந்து, வீட்டு வாசலில் தலையை இடித்துக்கொண்டே இருந்ததால், பட்டாளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். துப்பாக்கி பிடிக்கத்தான் லியனார்ட் போனார். பயிற்சி முகாமில் ஒருநாள் இசைக்குழுவின் சார்ஜன் வந்து, வரிசையில் நின்ற புதுப் பையன்களின் காலிலிருந்து தலைவரை பார்த்துக்கொண்டே நடந்தார். லியனார்டின் முன்னால் வந்ததும் நின்றார். இசை தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.

"அங்காட் போலே?"

தூக்க முடியுமா என்று அர்த்தம். "போலே, சார்ஜன்," என்றார் லியனார்ட். அப்படித்தான் அவர் டூபாக்காரர் ஆனார். நோட்ஸ் படிக்கவும் மூச்சைப் பிடிக்கவும் பிறகு சொல்லிக்கொடுத்தார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் தூக்கினார், ஊதினார். மன்னர்களுக்கும் அமைச்சர்களுக்கும் ஊதினார். பட்டம் வாங்கும் கேடட்டுகளுக்கும் இறந்துபோன ஜெனரல்களுக்கும் ஊதினார். ஈப்போவில் ஒரு முறை கொட்டும் மழையில் வாசித்து முடித்துவிட்டு டூபாவைக் கவிழ்த்தபோது ஒரு வாளித் தண்ணீர் கொட்டியதாம், பக்கத்தில் நின்ற மேஜரின் காலணியில். மேஜர் நகரவில்லை. அணிவகுப்பு கலையாதபோது மேஜரும் நகரக் கூடாது. அந்த இடத்தைச் சொல்லும்போது ஸ்டாஃப் சார்ஜன் லியனார்டுக்கு இப்போதும் கண்ணில் தண்ணீர் வரும்.

சிரிப்புக்கு நடுவில் ஒன்று மட்டும் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. நாட்டுக்கு விடுமுறை என்றால் இசைக்குழுவுக்கு வேலை. சொந்தக்காரர்கள் கல்யாணம் வைப்பதெல்லாம் விடுமுறை நாளில்தான். அவருடைய கல்யாணத்தையே, உறவினர்களுக்கு வசதியாக இருக்கும் என்று, ஜூன் மாதம் பேரரசரின் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டி வைத்துவிட்டார்கள். அந்த ஒரு முறைக்குச் சிறப்பு விடுப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு கல்யாண நாளிலும் மாப்பிள்ளை பேரரசரின் அணிவகுப்பில் இருந்தார், இல்லையென்றால் அதற்கான ஒத்திகையில் இருந்தார். இருபத்தைந்தாவது ஆண்டுக்குத் தேவாலயத்தில் வைத்த நன்றித் திருப்பலியில் மகதலேனா ஆன்டி மகள் ஜானிஸுடன் தனியாக நின்றார். பங்குச் சாமியார் தம்பதியை ஆசீர்வதிக்க வந்து, ஒருவரை மட்டும் ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

ஓய்வு நாளன்று டூபாவை உள்ளும் புறமும் துடைத்து, கிடங்கில் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையுடன் கொமியுட்டர் ரயிலேறி அங்கிள் வீடு வந்து சேர்ந்தார். அவர் வருவதற்கு முன்பே ஆன்டி ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். இந்த ஜூனில் கல்யாணமாகி முப்பதாவது ஆண்டு. நன்றித் திருப்பலியின் முடிவில், தனக்குப் பிடித்த மாதா பாட்டைத் தன் கணவர் டூபாவில் வாசிப்பார் என்று சாமியாரிடமும் பாடகர் குழுவிடமும் தெருவில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். வாசிக்கப்போகிறவரிடம் கடைசியாகத்தான் சொன்னார்.

"ஒரே ஒரு தடவ," என்றார் ஆன்டி. "உங்க சத்தம் எதுன்னு நான் கேக்கணும்."

அங்கிள் தலையாட்டினார். அதில்தான் எல்லாப் பிரச்சினையும் ஆரம்பித்தது. முப்பது வருடம் இசைக்குழுவில் இருந்தவர் ஒரு பாட்டை வாசித்துவிடுவார் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். டூபாக்காரன் பாட்டை வாசிப்பதே இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் வாத்தியம் வேண்டும். அதற்காக என் அப்பாவின் பழைய கஞ்சில் காரில் சாலாக் செலாத்தானுக்குப் போனோம். அங்கே கமலநாதன் என்பவர் ஒரு பேண்டு வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் வருவார்கள், ஆனால் பிழைப்பு இறுதி ஊர்வலங்களில்தான். அங்கிளை விட வயதில் இளையவர், அவரைக் கண்டதும் சல்யூட் அடித்தார். அவரிடம் இருந்தது பட்டாளத்து மாதிரி டூபா அல்ல. உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு போல மாட்டிக்கொள்ளும் வகை, வாய் மட்டும் தலைக்கு மேலே ஒரு மேசை அகலத்துக்கு முன்னால் பார்த்து நிற்கும். இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது. வாயைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் பெரிய எழுத்துகள்: 'இறுதிச் சடங்கு ஏற்பாடுகள். எந்நேரமும் அழைக்கலாம்.' கீழே தொலைபேசி எண்.

"அழிச்சிடாதீங்க ஸ்டாஃப்," என்றார் கமலநாதன். "அதப் பாத்துதான் பாதி ஆளு கூப்பிடுறாங்க."

வாய்ப் பகுதியைக் கழற்றியும் அது கஞ்சிலுக்குள் அடங்கவில்லை. பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் ஃபெடரல் நெடுஞ்சாலையில் வந்தோம். பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் எழுத்தைப் படித்துவிட்டு மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். சுபாங் வரும்வரை அங்கிள் விறைப்பாக முன்னால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு லோரி ஓட்டுநர் தொப்பியில்லாத தலையைத் தொட்டு எங்களுக்கு அஞ்சலி செலுத்தியபோதுதான் அவராலும் முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் கிள்ளான் திருப்பத்தைத் தவறவிட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் ஒத்திகை தொடங்கியது. எங்கள் சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. தெருநாய்கள் முதலில் ஊளையிட்டன, பிறகு இடத்தைக் காலி செய்தன. அங்கிளுக்கு நோட்ஸ் தெரியும். ஸ்வரங்கள் பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில், இடது கால் வலது கால் என்று வந்து விழுந்தது. வரி முடிவதற்குள் மூச்சு வாங்க நின்றார். மகதலேனா ஆன்டி கையில் வெண்டைக்காயுடன் வெளியே வந்து கொஞ்ச நேரம் கேட்டார். எந்தப் பாட்டு என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"மாதா பட்டாளத்துல சேந்துட்டாங்க போல," என்றார்.

அங்கிள் வாத்தியத்தை இறக்கி வைத்தார். அப்போதுதான் உண்மையைச் சொன்னார். மெட்டு வாசிப்பது ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும். டூபா வாசிப்பது அதற்குக் கீழே போகும் கனத்த ஒற்றை ஸ்வரங்களை மட்டும். மெட்டு இப்படிப் போனால் அது அப்படிப் போகும். இத்தனை வருடத்தில் ஒரு பாட்டின் மெட்டை, ஒரே ஒரு வரியைக்கூட, அவர் வாசித்ததில்லை.

ஆன்டிக்குப் புரியவில்லை. "அப்ப தேசிய கீதம்?"

அங்கிள் எழுந்து விறைப்பாக நின்று, தன் பங்கு தேசிய கீதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினார். பூம் என்றும், கொஞ்சம் தள்ளி இன்னொரு பூம் என்றும் போனது. அது தேசிய கீதம் என்று கண்டுபிடிக்க அவர் நின்ற விதம் ஒன்றுதான் துணை. ஆன்டி உட்கார்ந்தே இருந்தார்.

"இதுக்கா," என்றார் மெதுவாக, "ஜானிஸ் முதல் நற்கருணை வாங்கின புது நன்மைக்குக்கூட வராம இருந்தீங்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. மீதி வெண்டைக்காயை நறுக்க உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, சாமியாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். புஷ்பவல்லி கேலி பண்ணினால் பண்ணட்டும் என்றார்.

"சொல்லாத, லேனா," என்றார் அங்கிள். "வாசிக்கிறேன்."

ஒரு வாரம் அவர் மெட்டோடு மல்லுக்கட்டினார். மெதுவாக வாசித்தார், மென்மையாக வாசித்தார். மூச்சு நீள்வதற்காகக் காலையில் எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றி ஓடினார். என்னையும் ஓடவைத்தார். பட்டாளத்திலிருந்து மாதா வெளியே வருவதாக இல்லை. ஜானிஸ் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து வரும் வழியில் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பா எப்படி வாசிக்கிறார் என்று கேட்பாள். நான் வாத்தியம் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்வேன்.

வியாழக்கிழமை மாலை பாடகர் குழுவின் ஒத்திகைக்கு அவரையும் டூபாவையும் கொண்டுபோய் விட்டேன். அந்தக் குழுவைப் பற்றிக் கிள்ளானில் எல்லாருக்கும் தெரியும். குரல் வளத்துக்குக் குறையில்லை. ஆனால் எந்தப் பாட்டும் முதல் சரணத்தில் இருந்த வேகத்தில் மூன்றாவது சரணத்துக்கு வந்ததில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகக் காத்திருந்து காத்திருந்து பாட்டு உட்கார்ந்துவிடும். கீபோர்டு வாசிக்கும் ஜெயராஜ் பல வருடம் போராடிப் பார்த்துவிட்டு, இப்போது அவர்களோடு சேர்ந்து தானும் மெதுவாகிவிடுவார்.

அங்கிள் பின்வரிசையில் உட்கார்ந்து முதல் சரணத்தைக் கேட்டார். இரண்டாவதில் பாட்டு தளர ஆரம்பித்தது. அவருடைய இடது கால் தரையைத் தட்டத் தொடங்கியது. அவர் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கை தானாக வாத்தியத்தைத் தூக்கியது. மெட்டை அவர் தொடவே இல்லை. அதற்கு அடியில், வழக்கமான தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது சரணம் முதல் சரணத்தின் வேகத்திலேயே முடிந்தது. ஜெயராஜ் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எங்க இருந்தீங்க அங்கிள் இத்தன வருசமா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அங்கிள் மகிழ்ச்சியாக இருந்தார், ஆனால் பாதி தூரத்தில் காலால் தாளம் தட்டுவதை நிறுத்திவிட்டார். ஆன்டி கேட்டது பாடகர் குழுவை அல்ல என்று எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குழுவுக்கு அடியில் வாசித்தால், தொலைக்காட்சியில் நடந்ததுதான் தேவாலயத்திலும் நடக்கும். எல்லாம் கேட்கும், அவர் மட்டும் கேட்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் நிறைந்திருந்தது. புஷ்பவல்லி ஆன்டி பட்டுப்புடவையில், நெற்றியில் திருநீறோடு, இரண்டாவது வரிசையில் முன்கூட்டியே இடம்பிடித்திருந்தார். டூபாவின் வாயிலிருந்த விளம்பரத்தை மறைக்க, மகதலேனா ஆன்டி தன் கையால் பின்னிய வெள்ளை மேசைவிரிப்பை இழுத்துக் கட்டியிருந்தார். பார்ப்பதற்கு அதுவும் வெள்ளை உடுத்திப் புது நன்மை வாங்க வந்த பிள்ளை மாதிரி இருந்தது. திருப்பலி முடிவில் சாமியார் இந்த முறை இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி ஆசீர்வதித்தார். பிறகு அங்கிள் பாடகர் குழுவின் பக்கம் போனார். ஆன்டி முன்வரிசையில் உட்கார்ந்தார், மடியில் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. குழு பாடியது, மக்களும் சேர்ந்துகொண்டார்கள். கிள்ளானில் அந்தப் பாட்டை அவ்வளவு தெம்பாக யாரும் பாடி நான் கேட்டதில்லை. ஆனால் நான் ஆன்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சரணத்தில் காதைச் சாய்த்தார். இரண்டாவதில் புருவம் சுருங்கியது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் திரைக்கு முன்னால் நான் பார்த்த அதே முகம். விரல் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சரணம் ஆரம்பித்த இடத்தில் அங்கிள் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

மூச்சு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பாட்டு நிற்கவில்லை. ஆனால் தரையை யாரோ கொஞ்சம் கீழே இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. குரல்கள் மெலிந்தன. பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டாவது வரியிலேயே பாட்டு தள்ளாடியது. ஜெயராஜ் தவிப்போடு திரும்பி அங்கிளைப் பார்த்தார். அங்கிள் அவரைப் பார்க்கவில்லை. பித்தளை வளையங்களுக்கு நடுவே நேராக ஆன்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆன்டி மெதுவாகத் தலையைத் திருப்பினார். ஏதோ ஒன்று இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எது இல்லை என்று தெரிய இன்னும் ஒரு வரி ஆயிற்று. அவர் கைகள் மடியில் பிரிந்தன.

அங்கிள் அந்தச் சரணம் முடியும்வரை காத்திருந்தார். கடைசிப் பல்லவியின் முதல் சொல்லில் உள்ளே வந்தார். இந்த முறை அந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்று எனக்கே கேட்டது. பெஞ்சுப் பலகையில் கேட்டது, காலுக்கடியில் கேட்டது. பாட்டு எழுந்து நின்றது. ஆன்டி கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் முழங்காலைத் தட்ட ஆரம்பித்தார். டூபா ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் சரியாக ஒரு தட்டு.

அங்கிளுக்கு உற்சாகம் தாங்கவில்லை போலிருக்கிறது. கடைசி ஸ்வரத்துக்குப் பட்டாளத்து மூச்சு முழுவதையும் கொடுத்தார். மேசைவிரிப்பு பறந்து ஜெயராஜின் தலையில் விழுந்தது. எந்நேரமும் அழைக்கலாம் என்ற சிவப்பு எழுத்துகளைச் சபை முழுவதும் படித்தது. பீடத்தில் நின்ற சாமியார் திரும்பிக்கொண்டார், அவர் தோள்கள் குலுங்கின.

பங்கு மண்டபத்தில் சாப்பாட்டின்போது புஷ்பவல்லி ஆன்டி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். பாட்டெல்லாம் பிரமாதம், ஆனால் வீட்டுக்காரர் வாசித்தது மட்டும் தன் காதில் விழவே இல்லை என்றார்.

"நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் தள்ளாடினீங்கல்ல?" என்றார் மகதலேனா ஆன்டி. "அப்பதான் அவரு வாசிக்கல."

புஷ்பவல்லி ஆன்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டார்.

டூபாவை நாங்கள் சாலாக் செலாத்தானில் திருப்பிக் கொடுக்கவில்லை. அதாவது போனோம், ஆனால் கமலநாதன் அங்கிளைப் பேச விடாமல், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். சபையிலிருந்து அவர் பேண்டுக்கு இரண்டு அழைப்புகள் வந்திருந்தனவாம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அங்கிள் பாடகர் குழுவுக்கு அடியில் வாசிக்கிறார். திருப்பலி பத்து நிமிடம் சீக்கிரம் முடிகிறது என்று கார் நிறுத்துமிடத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

இந்த ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதியும் எல்லாரும் அந்த வரவேற்பறையில் கூடினோம். கரண்டி இருக்கும் இழுப்பறை அங்கிளுக்கு இப்போது தெரியும். அவர்தான் சமையலறையில் எல்லாருக்கும் தேநீர் கலந்துகொண்டிருந்தார். திரையில் இராணுவ இசைக்குழு வந்தது. பழக்கத்தில் நாங்கள் எல்லாரும் ஆன்டியின் விரலைப் பார்த்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடி, கை முழங்காலில் தட்டிக்கொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"ஜானிஸ் அப்பா," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார், "உங்க இடத்துக்கு வந்த புது ஆளு தாளத்த கொஞ்சம் இழுக்கறான்லா."

அங்கிள் கையில் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார். தலையைக் குனிந்துதான் நின்றார், இந்த வீட்டிலும் வாசல் உயரம் போதாது. கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஆமா," என்றார், தொலைக்காட்சியைப் பார்க்காமல் ஆன்டியைப் பார்த்துக்கொண்டே. "இழுக்கறான்."